சந்தனத்தில் பதிந்த விரல்

குறைமாதக் குழந்தைகள் வார்டில் தரை துடைப்பதும் குழாய்களைக் கழுவிக் காயவைப்பதும் அங்காயி அம்மாளுக்கு வேலை. உச்சிக்கால மணி அடித்தால் போதும், மாப்பைச் சுவரில் சாத்திவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் உள்ள பாலமுருகன் சன்னதிக்கு ஓடிவிடுவார். பெற்ற இரண்டையும் குறைமாதத்திலேயே மண்ணுக்குக் கொடுத்தவர் அவர். ஆனாலும் முருகனிடம் கோபித்துக்கொண்டதில்லை. பத்தொன்பது வருடங்களில் ஒரு உச்சிக்காலம்கூடத் தவறவிட்டதில்லை.

அந்த வார்டில் எடுத்த எடுப்பில் பிஞ்சுத் தொண்டைக்குள் குழாயை இறக்கிவிட மாட்டார்கள். மூக்கில் மட்டும் சின்னக் குழல் வைத்துக் காற்று கொடுப்பார்கள். மறுமுனை தண்ணீர் பாட்டிலில் முங்கியிருக்கும். குமிழி இடைவிடாமல் கொப்பளித்தால் காற்று நுரையீரலைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தச் சத்தத்தோடு சேர்ந்து அம்மாள் "முருகா, முருகா" என்று முணுமுணுப்பார்.

"பாட்டிலுக்குள்ளயா உக்காந்திருக்காரு உங்க முருகன்?" என்று நர்சுகள் கேலி செய்வார்கள்.

"எங்கதான் இல்ல அவன்?" என்று சிரித்துவிட்டு அவர் தரையைத் துடைப்பார்.

ஒரு கார்த்திகை நாளில், முந்தின நாள் பிறந்த பெண் குழந்தைக்கு நெஞ்சு உள்வாங்கத் தொடங்கியது. எடை ஒரு கிலோகூட இல்லை. குமிழி விட்டுவிட்டு வந்தது. டாக்டர் இளம்பரிதி தொண்டைக் குழாயை எடுத்துவைக்கச் சொன்னார். தாய் செவந்தி வாசலில் நின்று அழுதாள்.

"சார், வாய் தொறந்து கெடக்கு. காத்தெல்லாம் அது வழியா போயிருது," என்றார் அங்காயி அம்மாள்.

டாக்டர் குனிந்து பார்த்தார். "ஆமா. கையக் கழுவிட்டு வந்து மோவாயத் தாங்கிப் பிடிங்க. அரை மணி பாப்போம். தேறலைன்னா குழாய்தான்."

அம்மாள் ஒற்றை விரலால் மோவாயை ஏந்தினார். குமிழி சீராகக் கொப்பளித்தது. அப்போதுதானா உச்சிக்கால மணி அடிக்க வேண்டும்?

"நான் பிடிச்சுக்கிறேன், போயிட்டு வாங்க," என்றார் நர்ஸ்.

"அவன் அங்கயேதான் இருப்பான். இவ போயிட்டான்னா?" என்றார் அம்மாள். விரல் அசையவில்லை.

அரை மணி ஒரு மணியானது. நெஞ்சு உள்வாங்குவது அடங்கியது. தொண்டைக் குழாய் உறை பிரிக்கப்படாமலே அலமாரிக்குத் திரும்பியது. மோவாய்க்குத் துணிப்பட்டை கட்டிய பிறகுதான் அம்மாள் விரலை எடுத்தார்.

மாலையில் பூசாரி வேலப்பன் திருநீற்றோடு வார்டு வாசலுக்கு வந்தார்.

"நீங்க வராத நாள்ல ஒரு அதிசயம்மா. காலையில சந்தனக்காப்பு சாத்தி, நான்தான் கருவறையப் பூட்டினேன். உச்சிக்காலத்துக்குத் தொறந்தா, சாமி மோவாயில ஒரு விரல் பதிஞ்சிருக்கு. உள்ள யாரு போயிருப்பா?"

அங்காயி அம்மாள் தம் விரலைப் பார்த்தார். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய விரல். அதில் சந்தனம் மணத்தது. உள்ளே குமிழி கொப்பளித்துக்கொண்டிருந்தது.

போகாத கோயிலில் பூசை செய்த அந்தக் கைக்கு நம் வணக்கம்.