டோலிக்காரர் எட்டுப் பேரும் ராஜாவின் மீசையும்

விளாங்கோட்டை கெம்பீர ராஜாவுக்கு நாட்டைவிட மீசை பெரிது. பொய்யில்லை! பக்கத்துக்கு ஓர் எலுமிச்சம்பழம் வைத்தாலும் விழாது. அந்த மீசை பாதியாகிப்போன கதைதான் இது.

அந்த ஊரில் வீடெல்லாம் ஓலைக்கூரை. அதனால் கோட்டை வாசலில் ரெண்டு கூட்டம் எப்போதும் தயாராக இருக்கும். தமுக்கு அடித்தால் தண்ணீர்க்காரர் பன்னிரண்டு பேர், தோல்பையும் ஏணியுமாகத் தீயணைக்க ஓடுவார்கள். கொம்பு ஊதினால் டோலிக்காரர் எட்டுப் பேர், அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வைத்தியர் வீட்டுக்கு ஓடுவார்கள்.

ஒருநாள் தலைமை மந்திரி நல்லப்பர் சபையில் எழுந்தார்.

"மகாராஜா, இவர்கள் பொழுதெல்லாம் தாயம் உருட்டுகிறார்கள். ரெண்டு கூட்டம் எதற்கு? டோலிக்காரர்களை அனுப்பிவிடுவோம். தமுக்கு கேட்டால் தீ, கொம்பு கேட்டால் டோலி. பன்னிரண்டு பேரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளட்டும்."

"பலே!" என்றார் ராஜா.

சபையில் வேடிக்கை பேசி எல்லோரையும் சிரிக்க வைக்கிற ஆதிமூலத்துக்கு அன்றைக்குச் சிரிப்பே வரவில்லை. அவர் மனைவி கனகத்துக்கு நிறைமாதம். மருத்துவச்சி வீடோ ஊரின் அந்தக் கோடியில். தலைப்பிரசவத்தில் டோலிக்காரர்கள் ஓடிய ஓட்டத்தால்தான் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

"மகாராஜா, தீப்பிடித்த இடத்தில்தானே ஆளும் வெந்து கிடப்பான்? தண்ணீர் ஊற்றுகிற கை அவனை எப்படித் தூக்கும்?" என்றார் ஆதிமூலம்.

"ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்கு வருவார்கள். கொஞ்ச நேரம் பொறுத்தால் என்ன குடிமுழுகிவிடும்?" என்றார் நல்லப்பர்.

ராஜா மீசையைத் தடவினார். "ஆதிமூலம், நீ சொல்வது சரியென்றால் மூன்று நாளில் எனக்கு உறைக்கிற மாதிரி காட்டு. ஆனால் எங்கேயும் தீ வைக்கக் கூடாது. யார் மேலும் ஒரு கீறல் விழக் கூடாது. முடியாவிட்டால் டோலிக்காரர்களோடு நீயும் நடையைக் கட்டு!"

"உத்தரவு, மகாராஜா. ஆனால் இத்தனை நல்ல ஏற்பாட்டை அரண்மனையில் அல்லவா தொடங்க வேண்டும்? பட்டத்து யானைக்குக் கவளம் ஊட்டுகிறவர் ஊட்டி முடித்தால் தூங்குகிறார். நாவிதர் காத்தான் சவரம் முடித்தால் சும்மா இருக்கிறார். காத்தானே ரெண்டையும் பார்க்கட்டுமே. மகாராஜா கூப்பிட்டால் கத்தி, யானை பிளிறினால் கவளம்."

தன்னுடைய யோசனையை நல்லப்பரே எப்படி மறுப்பார்? அவரே உத்தரவு எழுதி முத்திரையும் குத்தினார்.

வீட்டில் கனகம் பிடித்துக்கொண்டாள். "உங்க வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா? எனக்கு வலி எடுத்தா டோலி வருமா, வராதா? அதைச் சொல்லுங்க!"

"வரும்டி. நாளன்னைக்கு வரைக்கும் பொறுத்துக்க."

மூன்றாம் நாள் பக்கத்து நாட்டுத் தூதர் வருவதாக இருந்தது. ஆதிமூலம் காலையிலேயே அரண்மனைக்கு வந்துவிட்டார். மூக்குக்குக் கீழே துண்டால் ஒரு கட்டு. கேட்டவர்களிடமெல்லாம் "பல்வலி" என்றார்.

"மகாராஜா, தூதர் நாட்டில் இப்போது மெல்லிசு மீசைக்குத்தான் மவுசாம். தங்களுக்கு வைத்தால் பத்து வயசு குறையும்" என்றார்.

ராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது. காத்தான் உட்கார்ந்தார். கத்தரி கிறீச் கிறீச்சென்றது. இடப்பக்க மீசை எறும்பு வரிசை மாதிரி மெல்லிசாக இறங்கியது. வலப்பக்கத்துக்குக் கத்தரியைக் கொண்டுபோனார். அப்போது கொட்டிலிலிருந்து யானை பிளிறியது.

காத்தான் கத்தரியைப் போட்டுவிட்டு ஓடினார்!

"டேய்! எங்கேடா ஓடுகிறாய்?"

"யானை கூப்பிடுது மகாராஜா! உத்தரவு!"

ராஜா கண்ணாடியைப் பார்த்தார். ஒரு பக்கம் கீற்று, ஒரு பக்கம் புதர். "ஐயையோ!" என்று அலறினார்.

நல்லப்பர் ஓடிவந்தார். "கொஞ்ச நேரம் பொறுங்கள் மகாராஜா. நாற்பது கவளம்தானே? முடித்துவிட்டு வந்துவிடுவான்."

"பொறுப்பதா? தூதர் வாசலில் நிற்கிறார் ஐயா! எனக்கு இப்போதே ஆள் வேண்டும்!"

"ஓலைக்கூரைக்குக் கீழே வெந்து கிடக்கிறவனும் அதையேதான் கேட்பான், மகாராஜா" என்றார் ஆதிமூலம்.

ராஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "யானை சரியாக இந்நேரம் பிளிறும் என்று உனக்கு எப்படியடா தெரியும்?" என்று கேட்டார்.

"அது தினமும் இந்நேரம்தான் பிளிறும். நெருப்புதான் சொல்லிவிட்டு வராது."

"உத்தரவைக் கிழித்துப் போடுங்கள்! டோலிக்காரர்கள் இனிமேல் பதினாறு பேர்!"

ஆதிமூலம் பெருமூச்சு விட்டார். அதற்குள் தூதரே உள்ளே வந்து, ராஜாவின் முகத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

ராஜா சமாளித்தார். "இது எங்கள் வழக்கம். பெரிய பதவியில் இருக்கிறவர்களுக்கு ஒருபக்க மீசைதான்."

"அப்படியா! உங்கள் மந்திரிக்கு ரெண்டு பக்கமும் இருக்கிறதே?"

"அவருக்கு அந்த மரியாதை இன்றைக்குத்தான்" என்றார் ஆதிமூலம். "இதோ, நாவிதர் வந்துகொண்டே இருக்கிறார்."

நல்லப்பர் முகம் வெளிறிவிட்டது. ராஜா ஆதிமூலத்தின் காதைக் கடித்தார்: "அடுத்தது நீதான்!"

ஆதிமூலம் துண்டை அவிழ்த்தார். உதட்டுக்கு மேலே மொழுமொழுவென்று இருந்தது. ஒரு மயிர் இல்லை. காலையிலேயே முழுசாக வழித்துவிட்டு வந்திருந்தார் மனுஷன்!

ராஜா சிரித்த சிரிப்பில் மிச்சமிருந்த மீசை குதித்தது. ஆதிமூலத்துக்கு ஒரு ஜோடி பொன் கடகம் கிடைத்தது.

அன்று சாயங்காலமே கொம்பு ஊதியது. பழைய எட்டுப் பேரும் ஓடிவந்து கனகத்தைத் தூக்கினார்கள். கூடவே ஓடிய ஆதிமூலத்தை அந்த வலியிலும் அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏங்க, முதல்ல அந்த மீசையை வளருங்க. பிறக்கிற பிள்ளை யாரோன்னு பயந்துக்கப் போவுது!"