படுத்துக் கூப்பிட்ட கழுதை

ஓடைமரக் காட்டுக் குளத்தங்கரையில் ஒரு கழுதை இருந்தது. பேர் பொதியன். ஒரு காலத்தில் பொதி சுமந்தது. பின்னங்கால் முட்டி பிசகியது. இனி சுமக்க ஆகாது என்று தெரிந்ததும் காட்டோரம் கொண்டுவந்து விட்டார்கள். கழுத்துக் கயிற்றை மட்டும் மறக்காமல் அவிழ்த்து எடுத்துப் போனார்கள்.

பொதியனுக்கு அதைப் பற்றிப் பேசப் பிடிக்காது. எதைப் பற்றியும் பேசப் பிடிக்காது. கருவாயனைப் பற்றி மட்டும் பேசும்.

கருவாயன் ஒரு நாய். அதையும் யாரோ விட்டுவிட்டுப் போனதுதான். இரண்டும் சேர்ந்து அந்தக் குளம் நிறைந்ததையும் வற்றியதையும் பல வருஷம் பார்த்தன. பொதியன் ஒரு நீளக் கத்தல், ஒரு குட்டைக் கத்தல் போட்டால் போதும். கருவாயன் எங்கிருந்தாலும் ஓடி வரும். முயலைத் துரத்திக்கொண்டிருந்தால் முயலை விட்டுவிட்டு வரும்.

ஒரு பனிக்காலத்தில் கருவாயன் இலந்தை மரத்தடியில் படுத்தது. எழுந்திருக்கவில்லை. வயதாகிவிட்டது. அதற்கப்புறம் பொதியன் அந்தக் கத்தலைப் போடவில்லை. போட்டால் யார் வரப் போகிறார்கள்?

ஒரு நாள் காலை மைனா பறந்து வந்தது.

"அண்ணே, வண்டித் தடத்துல ஒரு சாக்கு அழுவுது."

"சாக்கு அழாது."

"இது அழுவுது. வந்து பாருங்க."

பொதியன் நொண்டிக்கொண்டு போனது. சாக்கு அழத்தான் செய்தது. பல்லால் இழுத்துக் கிழித்தது. உள்ளே ஒரு நாய்க்குட்டி. செம்மண் நிறம். முதுகில் மொச்சைக் கொட்டை மாதிரி ஒரு புள்ளி.

குட்டி நிமிர்ந்து பார்த்தது. "நீங்க எங்கம்மாவா?"

"என் காதைப் பார்த்தா அப்படியா தெரியுது?"

"பெருசா இருக்கு."

"அம்மா இல்ல. மாமா. என்னால அவ்வளவுதான் முடியும். வா."

மொச்சை என்றே பேர் வைத்தாயிற்று.

பகலெல்லாம் குட்டி குதித்து விளையாடியது. மைனா வெட்டுக்கிளி பிடித்துக் கொடுத்தது. பொதியன் பனம்பழத்தைக் குளம்பால் மிதித்துப் பிளந்து கொடுத்தது. இருட்டியதும் அழுகை ஆரம்பித்தது. பொதியன் நின்றுகொண்டே தூங்குகிற ஜாதி. முட்டி பிசகியதிலிருந்து அது தரையில் படுத்ததே இல்லை. படுத்தால் எழுந்திருப்பது பெரும்பாடு.

"அழாதே" என்றது.

அழுதது.

"அழாதேன்னு சொன்னேன்ல."

இன்னும் பலமாக அழுதது.

பொதியன் முன்னங்காலை மடக்கியது. முனகியது. மூட்டை சரிகிற மாதிரிப் பக்கவாட்டில் விழுந்தது. குட்டி ஓடிவந்து வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. நாலு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டுத் தூங்கிப்போனது.

விடிந்ததும் பொதியன் எழுந்திருக்கப் பட்ட பாட்டை மைனா கிளையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. "அண்ணே, நீங்க எழுந்திரிக்கறதுக்குள்ள வெயில் ஏறிடும் போல."

"வாயை மூடு" என்றது பொதியன். ஆனால் தினமும் இருட்டினால் படுத்தது.

வளர்ப்பு தொடங்கியது. பொதியன் முடிவு செய்துவிட்டது. இதைக் கருவாயன் மாதிரியே ஆக்கிவிட வேண்டும். கூப்பிட்டால் வரணும். சொன்னால் கேட்கணும். வேறென்ன வேண்டும் ஒரு நாய்க்கு?

மொச்சையோ மொச்சையாகத்தான் இருந்தது. பொதியன் படுக்கிற புழுதியில் மூத்திரம் பெய்தது. கௌதாரிக் கூட்டைக் கலைத்தது. பல் முளைக்கிற காலம். கண்டதையெல்லாம் கடித்தது. பொதியன் மேய்ந்துகொண்டிருந்தபோது பின்னால் போய் வாலைப் பிடித்துத் தொங்கியது.

பொதியன் பல வருஷத்துக்குப் பிறகு அந்தக் கத்தலைப் போட்டது. ஒரு நீளம், ஒரு குட்டை. குளத்துத் தவளைகள் கப்பென்று அடங்கின. 

மொச்சை எங்கிருந்தோ ஓடி வந்தது. உடம்பு முழுக்க வாலாகி ஆடிக்கொண்டு வந்தது. "கூப்பிட்டீங்களா மாமா?"

"புழுதியை ஏன் நனைச்சே?" காதைப் பிடித்து ஒரு கடி.

மொச்சை வீல் என்றது. எந்தப் புழுதி? எப்போது? அதற்கு ஒன்றும் ஞாபகமில்லை. கூப்பிட்டார்கள், வந்தோம், கடி விழுந்தது. அது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

அடுத்த தடவை கூப்பிட்டபோது ஓடி வரவில்லை. நடந்து வந்தது. அதற்கும் கடி. கௌதாரிக் கூட்டுக்கு. அதற்கடுத்து வயிற்றால் ஊர்ந்து வந்தது. வாலைக் கடித்ததற்காக மூக்கால் ஒரு தள்ளு. குட்டி உருண்டு போய் விழுந்தது. அப்புறம் கூப்பிட்டால் வரவே இல்லை. எட்ட நின்று பார்க்கும். கிட்டே போனால் இன்னும் எட்டப் போகும்.

இருட்டில் பொதியன் படுத்தால் மட்டும் சத்தமில்லாமல் வந்து வயிற்றோடு ஒண்டிக்கொள்ளும். படுத்திருக்கிற மாமா கடிப்பதில்லை. நிற்கிற மாமாதான் கடிக்கிறார். மொச்சை அப்படித்தான் கற்றுக்கொண்டது.

குளத்தில் பாசியக்கா என்று ஒரு ஆமை. முதுகில் பாசி பிடித்து, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கிடக்கும்.

"பொதியா, குட்டி உன்னைக் கண்டா நடுங்குது."

"கழுதை வளர்ப்புக்கு அடங்காத நாய் இருக்கா? கருவாயன் அடங்கலையா? அது நாய். இது என்னமோ."

"கருவாயனும் உன் வாலைக் கடிச்சவன்தான்."

"கடிக்கல."

"கடிச்சான். பாதி மயிரு போச்சு. நீ சிரிச்சே. அப்புறம் பனைமட்டையை முறிச்சு அவன் வாய்ல கொடுத்தே, இதைக் கடிடான்னு."

பொதியன் வாலைச் சுழற்றி ஈ விரட்டியது.

"கூப்பிட்டு வந்தப்பெல்லாம் அவன் காதை நக்கிக் கொடுப்பே. அதுக்குத்தான் முயலை விட்டுட்டு வந்தான். அவன் வந்தது உனக்கு ஞாபகம் இருக்கு. ஏன் வந்தான்னு மறந்துட்டே."

"தண்ணிக்குள்ள போ" என்றது பொதியன்.

பாசியக்கா உள்ளே போனது. குமிழி வந்தது.

பொதியன் அங்கேயே நின்றது. கருவாயன் காது ஞாபகம் வந்தது. அதில் எப்போதும் நாயுருவி முள் ஒட்டியிருக்கும். நக்கினால் நாக்கில் குத்தும். உப்புக் கரிக்கும். கருவாயன் கண்ணை மூடிக்கொண்டு காட்டிக்கொண்டு நிற்கும். இத்தனை வருஷம் கருவாயனையே நினைத்துக்கொண்டிருந்தது பொதியன். இந்த ருசி மட்டும் எப்படியோ நழுவிப் போயிருந்தது.

ஆனாலும் கழுதை கழுதைதான். ஆமை சொல்லி நான் கேட்பதா என்று மேயப் போய்விட்டது.

அந்தக் காட்டில் ஒரு கழுதைப்புலி இருந்தது. கருவாயன் இருந்தவரை குளத்துப் பக்கம் வந்ததில்லை. இப்போது வந்தது. புதருக்குள் படுத்து எல்லாவற்றையும் பார்த்தது. கழுதை கூப்பிடுவதைப் பார்த்தது. குட்டி ஒதுங்குவதையும் பார்த்தது.

ஒரு நாள் மொச்சை தனியே இருந்தபோது புதருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. இனிப்பான குரல்.

"தம்பி, காதுல என்ன காயம்?"

"மாமா கடிச்சார்."

"எப்போ?"

"கூப்பிட்டப்போ."

"ஐயோ பாவம். போகாம இருந்தா?"

மொச்சை யோசித்தது. "கடி இல்ல."

"கெட்டிக்காரன். எனக்கு உன்னை மாதிரிப் பிள்ளைங்களைத்தான் பிடிக்கும். இந்தா, பல்லு ஊறுதுல்ல? கடி."

ஒரு எலும்பு வெளியே வந்து விழுந்தது. மொச்சை அதைக் கவ்விக்கொண்டது. எவ்வளவு நல்லவர், கடிக்கக் கொடுக்கிறாரே, கடிக்கவில்லையே என்று நினைத்தது.

மறுநாளும் எலும்பு இருந்தது, புதருக்குக் கொஞ்சம் பக்கத்தில். அதற்கு மறுநாள் இன்னும் பக்கத்தில்.

அப்புறம் ஒரு சாயங்காலம். வெயில் மஞ்சளாகக் குளத்தில் கிடந்தது. பொதியன் தண்ணீர் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கியது. எதிர்க்கரையில் காரைப்புதர். புதர் வாயில் ஒரு எலும்பு. எலும்பை நோக்கி மொச்சை மோந்துகொண்டே போகிறது. எலும்புக்குப் பின்னால், இலைக்கு நடுவில், இரண்டு கண்.

ஓடிப் போய்ச் சேர முடியாது. முட்டி அப்படி. பொதியன் கத்தியது. ஒரு நீளம், ஒரு குட்டை.

மொச்சை திடுக்கிட்டது. காதைத் தாழ்த்தியது. ஓடி வரவில்லை. இரண்டு எட்டு ஒதுங்கியது, புதர்ப் பக்கமாக.

"போகாதே தம்பி" என்றது புதர். "போனா கடி. இங்கே வா. நான் கடிப்பேனா?"

பொதியன் மறுபடி கத்தியது. அடிவயிற்றிலிருந்து கத்தியது. கிழக்குரல் உடைந்து போயிற்று. மொச்சை இன்னும் இரண்டு எட்டு புதர்ப் பக்கம் போனது.

பொதியனுக்கு அப்போதுதான் விளங்கியது. கூப்பிடக் கூப்பிடக் குட்டி சாவை நோக்கிப் போகிறது. தள்ளுவது கழுதைப்புலி இல்லை. தன் குரல்தான்.

மைனா தலைக்கு மேல் பறந்து பதறியது. "அண்ணே, கூப்பிடுங்க அண்ணே! ஏன் நிறுத்திட்டீங்க?"

பொதியன் முன்னங்காலை மடக்கியது. திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில், கழுதைப்புலி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் சரிந்து படுத்தது. படுத்தால் சட்டென்று எழுந்திருக்க முடியாது. அது தெரிந்துதான் படுத்தது. வயிற்றைக் காட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் கிடந்தது.

மொச்சை பார்த்தது. மாமா படுத்துவிட்டார். இன்னும் இருட்டவில்லை. ஆனால் படுத்துவிட்டார்.

படுத்திருக்கிற மாமா கடிப்பதில்லை.

எலும்பை மறந்தது. குளக்கரையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தது. வயிற்றில் முட்டி ஒட்டிக்கொண்டது.

கழுதைப்புலி புதரை விட்டு வெளியே வந்தது. இனி ஒளிவதற்கு என்ன இருக்கிறது? குட்டியோடு கிழமும் கிடைக்கிறது.

"பொதியா, நீயே விழுந்துட்டியே. நான் சிரமப்பட வேண்டாம்னா?"

"கிட்டே வந்து பேசு" என்றது பொதியன். "காது சரியாக் கேட்கல."

அது சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்தது. பொதியனால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. நாற்றம் மட்டும் வந்தது. எவ்வளவு பக்கம் என்று தெரியவில்லை. சீக்கிரம் உதைத்தால் எட்டாது. தாமதித்தால் ஆளே இருக்காது.

வயிற்றடியிலிருந்து மொச்சை எட்டிப் பார்த்தது. அந்த இனிப்புக் குரலுக்கு இத்தனை பல்லா?  

மொச்சை குரைத்தது. பிறந்து முதல் முறை. சத்தம் கேட்டு அதுவே பயந்துபோயிற்று.

கழுதைப்புலி உறுமிக்கொண்டு ஒரு கணம் நின்றது. பொதியனுக்கு இடம் தெரிந்துவிட்டது. நல்ல காலைச் சுருக்கி ஒரே உதை. குளம்பு தாடையில் இறங்கியது. பனங்காய் பிளக்கிற சத்தம்.

கழுதைப்புலி கோணிய வாயோடு காட்டுக்குள் போயிற்று. இனிப்பாகவும் பேசவில்லை, கசப்பாகவும் பேசவில்லை. பேசுகிற நிலையில் வாய் இல்லை.

பொதியன் கிடந்தபடியே மூச்சு வாங்கியது. வயிறு ஈரமாக இருந்தது. மொச்சை பயத்தில் நனைத்துவிட்டிருந்தது. பொதியன் தலையைத் திருப்பி அதன் காதுப் பக்கம் வாயைக் கொண்டுபோனது.

மொச்சை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. கடிக்குக் காத்திருந்தது.

பொதியன் அந்தக் காதை நக்கியது. நாயுருவி முள் இருந்தது. குத்தியது. உப்புக் கரித்தது.

"மாமா, கடிக்கலையா?"

"பேசாம படு."

அதற்குப் பிறகு பொதியன் தினமும் கூப்பிட்டது. காரணமே இல்லாமல் கூப்பிட்டது. வந்தால் காதை நக்கிவிட்டு, "சரி, போ" என்றது. மொச்சை முதலில் எட்ட நின்று பார்த்தது. அப்புறம் பாதி தூரம் வந்தது. பல கடியில் போன நம்பிக்கை ஒரு நாள் நக்கினால் திரும்புமா? மழை வந்து குளம் நிறைந்தது. மறுபடி பனம்பழம் விழ ஆரம்பித்தது. பொதியன் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தது. புழுதி நனைந்தபோது வேறு புழுதியில் படுத்தது. வால் கடிபட்டபோது பனைமட்டையை முறித்துக் கொடுத்தது.

ஒரு சாயங்காலம் அந்தக் கத்தல் குளத்தின் மேல் போயிற்று. ஒரு நீளம், ஒரு குட்டை. எதிர்க்கரையில் ஒரு முயல் பாய்ந்தது. அதன் பின்னால் மொச்சை பாய்ந்தது. கத்தல் காதில் விழுந்தது. நின்றது. முயலைப் பார்த்தது. திரும்பி ஓடி வந்தது, உடம்பெல்லாம் சேறு, உடம்பெல்லாம் வால்.

பொதியன் அந்தச் சேற்றுக் காதை நக்கியது. கொஞ்ச நேரம் அதிகமாகவே நக்கியது.

பாசியக்கா தண்ணீருக்கு மேல் தலையை நீட்டியது. "என்ன பொதியா, கருவாயன் ஞாபகமா?"

"தண்ணிக்குள்ள போ" என்றது பொதியன்.

கூப்பிட்டதும் வந்த பிள்ளையைத் தண்டித்தால், காப்பாற்றக் கூப்பிடும் நாளில் அது வராது.