குறையே இல்லாத கம்ப்யூட்டர்

ஈரோட்டில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் சென்னியப்பனுக்கு ஒரு நாள் திடீரென்று ஞானம் பிறந்தது. ஒரு அச்சகத்துக்கு எதற்கு விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று மூன்று விதக் கம்ப்யூட்டர்?

பத்திரிகை வடிவமைக்கப் புதிதாகச் சேர்ந்திருந்த கோகிலவாணியைக் கூப்பிட்டார்.

"குறையே இல்லாத ஒண்ணைக் காட்டு கண்ணு, மத்ததை வித்துப்போடலாம். காட்டத் தெரியலீன்னா நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

அச்சகமே வேலையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது.

"விண்டோஸ்ல எல்லா வேலையும் ஓடுமுங்க. ஆனா முகூர்த்தம் நெருங்கறப்பத்தான் அப்டேட்டுன்னு உக்காந்துக்கும். மேக்ல நிறத்தைக் கண்ணுல ஒத்திக்கலாமுங்க. ஆனா ஒரு ஒயர் வாங்கப் போனாலும் நகைக்கடைக்குப் போன மாதிரி இருக்கும். லினக்ஸ் பாவமுங்க, காசே கேக்காது, மாசக்கணக்கா அணைக்காம விட்டாலும் உழைக்கும். புதுப் பிரிண்டரைக் கண்டாத்தான் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி மாதிரி முகத்தைத் திருப்பிக்கும்."

"அப்ப குறையில்லாதது எது?"

"உங்க மேசை மேல இருக்கறதுதானுங்க முதலாளி. இதுவரைக்கும் ஒரு தொந்தரவும் பண்ணினதில்லீங்க."

சென்னியப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். "அது! ஏன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

"போன ஆயுத பூஜைக்கு அதோட பவர் பட்டன்ல வெச்ச குங்குமம் இன்னும் கலையவே இல்லீங்களே."

அச்சகம் சிரித்த சிரிப்பில் சென்னியப்பனுக்கும் அடக்க முடியவில்லை.

"சரி, எல்லாமே இருந்துட்டுப் போகட்டும். நீயும் இரு" என்றார். பிறகு அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பட்டனை ஒருக்கா அமுக்கணுமா, ரெண்டு தடவையா கண்ணு?"