பக்கத்து சீட்டில் முதலாளி

திம்பம் மலைப்பாதையில் பழுதான லாரிகளைக் கட்டி இழுத்து இறக்குவது மாதேவன் வேலை. இறக்கத்தில் இன்ஜினை வைத்தே வேகத்தைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் அவன் வண்டியில் கெட்டுக் கிடந்தது. சரிசெய்து தரச் சொல்லிக் கெஞ்சினான்.

"கால் பிரேக் இருக்குதில்ல? பயந்தாங்கொள்ளிக்கு எதுக்கடா ஸ்டியரிங்கு?" என்றார் முதலாளி பொன்னுரங்கம்.

"சரிதானுங்க. பக்கத்துல உக்காந்து வந்து, எங்கெங்க மிதிக்கறதுன்னு சொல்லிக் குடுங்க."

மற்ற டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் வீம்புக்கு ஏறிவிட்டார்.

மூன்றாவது வளைவிலேயே பிரேக் சூடேறிக் கருகல் நாற்றமடித்தது. "நிறுத்துடா சாமி!" என்று கதறினார். மாதேவன் மலையோரம் ஒதுக்கி நிறுத்தினான்.

மறுநாளே எல்லா வண்டிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் சரியானது. இன்ஜினே பிடித்துப் பிடித்து இறக்கியது. டிரைவர்கள் மாதேவனைத் தட்டிக்கொடுத்துச் சிரித்தார்கள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. போன ஆடியில் இன்னொரு டிரைவர் செவந்தான் இதேபோல் கெஞ்சித் திட்டு வாங்கிவிட்டு, வண்டியோடு பள்ளத்தில் போனான். அவன் கெஞ்சியபோது மாதேவன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். வாயே திறக்கவில்லை.