செவ்வோடை வற்றிய மூன்று நாள்

மலைகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடித்துவிட்டு, மனிதர்கள் ஊர்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மேழிநாடு என்று ஒரு சின்ன நாடு. அதைப் பூவரையன் என்னும் அரசன் ஆண்டான். மலையிலிருந்து இறங்கி அவன் ஊரைத் தொட்டுக்கொண்டு செவ்வோடை ஓடியது. கோடையில் அதில் கணுக்கால் நனையும். ஐப்பசி பிறந்துவிட்டால் யானையையும் புரட்டும். மலையில் பெய்யும் மழை ஊருக்குத் தெரியாது. ஊரில் வெயில் காயும்போதே வெள்ளம் வந்து, ஓடையில் இறங்கியவர்களைக் கொண்டுபோன ஆண்டுகள் உண்டு.

அதனால் பூவரையன் ஓடையின் ஓரத்தில் உயரமான ஒரு கல்லை நட்டான். அடியிலிருந்து முடிவரை அதில் ஏழு கோடுகள் வெட்டச் சொன்னான். கரைமேட்டில் ஒரு குடிசை கட்டி, ஒரு முரசை வைத்தான். உலகன் என்பவனை அழைத்தான்.

"உனக்கு மூன்று வேலை," என்றான் அரசன். "தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார். எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார். என்ன நிறத்தில் வருகிறது என்று பார். ஐந்தாம் கோட்டைத் தொட்டால் முரசை அடி. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

உலகன் நல்ல கண்ணுள்ளவன். காலையில் ஒரு முறை, உச்சிவேளையில் ஒரு முறை, விளக்கு வைக்கும் முன் ஒரு முறை கல்லைப் பார்ப்பான். ஒரு புங்க இலையைத் தண்ணீரில் விட்டு, அது மேல்பாறையிலிருந்து கீழ்ப்பாறைக்குப் போகும்வரை விரல்விட்டு எண்ணுவான். ஒரு கை நீரை அள்ளி வெளிச்சத்தில் பார்ப்பான். ஒன்பது ஆண்டுகளில் அவன் முரசு நான்கு முறை ஒலித்தது. நான்கு முறையும் ஊர் பிழைத்தது.

பத்தாம் ஆண்டில் ஒரு தவறு நடந்தது. மலைமேல் மேகம் இருண்டு நின்றதைப் பார்த்து, நான்காம் கோட்டிலேயே பயந்து முரசை அடித்துவிட்டான். களத்தில் கிடந்த நெல்லை அப்படியே போட்டுவிட்டு ஊரே மேட்டுக்கு ஓடியது. வெள்ளம் வரவில்லை. தூறல்தான் வந்தது. நெல் நனைந்து முளைத்துப்போனது.

யாரும் அவனை அடிக்கவில்லை, வையவும் இல்லை. சிரித்தார்கள். அவன் சந்தைக்குப் போனால், "என்ன உலகா, இன்னைக்கு ஓடலாமா, உட்காரலாமா?" என்பார்கள். ஓர் ஆண்டு முழுவதும் அந்தச் சிரிப்பு அடங்கவில்லை. அடியாக இருந்தால் ஆறியிருக்கும். சிரிப்பு ஆறவில்லை.

பதினோராம் ஆண்டு ஐப்பசியில்தான் இந்தக் கதை நடந்தது.

முதல் நாள் காலை, மூன்றாம் கோட்டில் இருந்த தண்ணீர் இரண்டாம் கோட்டுக்கு இறங்கியிருந்தது. உலகன் மலையைப் பார்த்தான். மலை தெரியவில்லை, அவ்வளவு மழை அங்கே. இவ்வளவு பெய்கிறது, ஓடை ஏன் இறங்குகிறது என்று நினைத்தான். பிறகு, நாளைக்குப் பார்ப்போம் என்று இருந்துவிட்டான்.

இரண்டாம் நாள் தண்ணீர் முதல் கோட்டுக்கு வந்தது. இலை நகர மறுத்தது. சிவந்து வரவேண்டிய நீர் கிணற்று நீர்போலத் தெளிந்திருந்தது. உலகன் மனம் கேட்கவில்லை. அரண்மனைக்கு நடந்தான்.

வாயிலில் இருந்த அதிகாரி கேட்டான், "தண்ணி ஏறுதா?"

"இல்லைங்க. இறங்குது."

"எவ்வளவு?"

"ஒரே நாள்ல ஒரு கோடு இறங்கிடுச்சு. மலையில மழை கொட்டுது. இப்படி இறங்கக் கூடாதுங்க."

"ஏறினா வந்து சொல்லு. இறங்கினதுக்கெல்லாம் அரசரை எழுப்ப முடியுமா?" என்று சொல்லிவிட்டு அதிகாரி லேசாகச் சிரித்தான். பழைய சிரிப்பு. உலகன் திரும்பி நடந்தான்.

மூன்றாம் நாள் கல்லின் அடியே தெரிந்தது. ஓடை நடுவில் மீன்கள் குட்டைகளில் துள்ளின. உலகன் கரையில் உட்கார்ந்து யோசித்தான். மழை பெய்கிறது. தண்ணீர் வரவில்லை. அப்படியானால் எங்கோ நிற்கிறது. மலைச்சரிவு பெயர்ந்து ஓடைக்குக் குறுக்கே விழுந்திருக்கலாம். விழுந்த மண் எத்தனை நாள் தாங்கும்?

இதை அவன் தெளிவாகவே நினைத்தான். பின்னாளில் அவனே அப்படித்தான் சொன்னான்.

அப்போது குயவர் தெருவிலிருந்து ஆட்கள் மண்வெட்டியும் கூடையுமாக வந்தார்கள். கார்த்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. நாடு முழுவதற்கும் அகல் விளக்கு அவர்கள்தான் செய்யவேண்டும். ஓடையின் நடுமடுவில் வெண்ணெய்போன்ற களிமண் உண்டு. தண்ணீர் வற்றினால்தான் அது கிடைக்கும். ஐப்பசியில் வற்றியதை அவர்கள் கண்டதே இல்லை. முன்னால் வந்தவள் மருதி. உலகனின் உடன்பிறந்த அக்காள். அவள் கணவன் சாத்தன் காலில் புண்ணோடு பின்னால் நொண்டிக்கொண்டு வந்தான்.

"தம்பி, இறங்கலாமா?" என்று மருதி கேட்டாள்.

உலகன் வாயைத் திறந்தான். அக்காளுக்குப் பின்னால் நாற்பது முகங்கள் நின்றன. அவற்றில் பல, போன ஆண்டு சந்தையில் சிரித்த முகங்கள். வேண்டாம் என்று சொல்லி வெள்ளம் வராமல் போனால்? விளக்குச் செய்ய மண்ணில்லாமல் போனால்? இன்னும் ஓர் ஆண்டுச் சிரிப்பை அவனால் தாங்கமுடியும் என்று தோன்றவில்லை.

"தண்ணி முதல் கோட்டுக்கும் கீழே இருக்கு, அக்கா," என்றான்.

"அதுதான் எங்களுக்கே தெரியுதே. நீ என்ன சொல்றே?"

"கல்லு சொல்றதைத்தான் நான் சொல்லமுடியும்."

மருதி அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். தம்பி களைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். "சாப்பிட்டியா? கூடையில கூழ் இருக்கு, எடுத்துக்கோ," என்று சொல்லிவிட்டு ஓடைக்குள் இறங்கினாள். சாத்தன் புண்ணில் மண் படக்கூடாது என்று கரையில் உட்கார்ந்தான்.

வெயில் சாயத் தொடங்கும் நேரத்தில் மலைப்பக்கம் ஓர் ஓசை கேட்டது. இடி என்று நினைத்தார்கள். இடி நிற்கும், இது நிற்கவில்லை. உலகன் முரசை நோக்கி ஓடினான். அவன் முதல் அடி அடிக்கும்போது தண்ணீர் ஐந்தாம் கோட்டில் இருந்தது. இரண்டாம் அடிக்கு ஏழாம் கோடு மறைந்தது. மூன்றாம் அடிக்குக் கல்லையே காணவில்லை.

கரையோரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏறிவிட்டார்கள். நடுமடுவில் இருந்தவர்கள் பதினேழு பேர். மருதி நடுமடுவில் இருந்தாள்.

நீர் வடிந்தபின் அரசன் ஊர்க்கூட்டம் கூட்டினான். உலகனை நடுவில் நிறுத்தினார்கள். பூவரையன் கேட்டான், "ஐந்தாம் கோட்டில் முரசு அடித்தாயா?"

"அடித்தேன்."

"கேட்டவர்களிடம் பொய்யான அளவு சொன்னாயா?"

"இல்லை."

"அப்படியானால் நான் இட்ட கட்டளையில் நீ எதையும் மீறவில்லை. உன்மேல் குற்றமில்லை. வீட்டுக்குப் போ."

உலகன் போகவில்லை. தலை குனிந்தபடியே பேசினான். "அரசே, இறங்கிய தண்ணீர் எங்கோ நிற்கிறது என்று எனக்குத் தோன்றியது. மூன்று நாளும் மனம் உறுத்தியது. என் அக்கா வாய்விட்டுக் கேட்டாள். நான் அளவைச் சொன்னேன், பயத்தைச் சொல்லவில்லை. சிரிப்பார்களே என்று விட்டுவிட்டேன்."

அடிக்க எழுவார்கள் என்று உலகன் காத்திருந்தான். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தான். சாத்தன் மட்டும் நொண்டியபடி எழுந்து வந்து அவனெதிரில் நின்றான்.

"நீ சொல்லியிருந்தா நாங்க சிரிச்சுத்தான் இருப்போம், மச்சான்," என்றான் சாத்தன். "கரையில நின்னு சிரிச்சிருப்போம். அவளும் சிரிச்சிருப்பா."

தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான்.

ஏறும் நீரைப் பற்றி மட்டும் கட்டளையிட்டவன் தான்தானே என்று பூவரையனுக்கு அப்போது உறைத்தது. ஏறினாலும் இறங்கினாலும் ஐயம் தோன்றினாலும், காவலாளி நேரே தன்னிடம் வரலாம் என்று அன்றே ஆணையிட்டான். காவல் வேலையை வேறொருவனுக்குக் கொடுக்கும்படி உலகன் கேட்டுக்கொண்டான். அரசன் மறுத்துவிட்டான்.

அதன்பின் உலகன் இருபது ஆண்டுகள் அந்தக் கரையில் இருந்தான். மனதில் பட்டதையெல்லாம் சொன்னான். பலமுறை அது பொய்த்தது. ஊரார் முணுமுணுத்துக்கொண்டே மேடேறினார்கள், முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். யாரும் சிரிக்கவில்லை. செவ்வோடை வேறொருவரையும் கொண்டுபோகவில்லை. நல்ல காவலாளி என்று நாடே அவனைப் புகழ்ந்தது. புகழ்ச்சியைக் கேட்கும்போதெல்லாம் அவன் எழுந்து வெளியே போய்விடுவான். அன்று அக்காளிடம் சொல்வது எவ்வளவு எளிதாக இருந்திருக்கும் என்பது அவனுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தெரிந்தது.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: கண்ட ஆபத்தைத் தன் மானம் போய்விடும் என்று அஞ்சி மறைப்பவன், பொய்யே சொல்லாவிட்டாலும் பொய்யனே.