பூட்டைத் திறந்தவர்

பெருந்துறையில் பூங்கோதை செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். ஒருநாள் கட்டட ஓனர் சென்னியப்பன் மகளை இழுத்துக்கொண்டு வந்தார்.

"இவ போனுக்கு என்ன பூட்டு போட்டே? என் அனுமதி இல்லாம கேம் திறக்காதுன்னியே. பொழுதுக்கும் விளையாடறா. யாரு திறந்து விடறாங்கன்னு இப்பவே சொல்லோணும். இவளைக் கேக்கக் கூடாது, எங்க போனைத் தொடவும் கூடாது. சொல்லலீன்னா கடையைக் காலி பண்ணிக்க."

"ஆகட்டுங்க. முதல்ல டீ குடிங்க," என்றாள் பூங்கோதை.

டீ வந்தது. சென்னியப்பன் தன் கட்டடங்களின் பெருமையை ஆரம்பித்தார். பேச்சு மூன்றாவது கட்டடத்துக்கு வந்தபோது மகள் சலித்துப்போய், தன் போனை எடுத்து எதையோ தட்டினாள். அனுமதி கேட்கும் மெசேஜ் அப்பாவின் சட்டைப்பையில் கிணுகிணுத்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. போனை எடுத்து, பார்க்காமலே மகளிடம் நீட்டினார்.

"சாமி, என்னமோ வந்திருக்குது. பாத்து அமுக்கி விடு."

மகள் அமுக்கினாள். அவள் போனில் கேம் திறந்தது.

பூங்கோதை டம்ளரைக் கீழே வைத்தாள்.

"திறந்து விட்டவங்க பேரை நான் சொல்லட்டுங்களா, இல்ல நீங்களே சொல்லிக்கறீங்களா?"