மாவில் பதிந்த வாய்

போடிக்கு மேற்கே, மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு ஜீப் பட்டறை. அங்கே குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. சீடர் குருவை மேஸ்திரி என்பார், குரு சீடரை அண்ணே என்பார். இதை வேடிக்கை பார்க்க அந்த ஊரில் யாருக்கும் நேரமில்லை.

குருவின் பெயர் தாவூது. சீடர் சடையாண்டி, ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பை இளமை முழுக்க ஓட்டியவர். தூரப் பார்வை மங்கியதும் ஸ்டியரிங்கை விட்டு ஸ்பானரைப் பிடித்திருந்தார்.

ஒருநாள் அவர் கேட்டார்: "மேஸ்திரி, ஒரு சாமான் கெட்டுப்போச்சா இல்லையான்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

"ஒரு வண்டி வரட்டும்ணே."

மத்தியானம் சின்னமணியின் ஜீப் வந்தது. இறக்கத்தில் வரும்போது அடிவயிறு பாறையில் இடித்துவிட்டதாம். விடிந்தால் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் அதில்தான் மலையேற வேண்டும். சடையாண்டியின் மகள் பஞ்சவர்ணமும் அவர்களில் ஒருத்தி.

"நீங்களே பாத்துச் சொல்லுங்கண்ணே," என்றார் தாவூது.

சடையாண்டி அடியில் புகுந்தார். என்ஜினின் எண்ணெயெல்லாம் வந்து தங்கும் தகரத் தொட்டிக்கு அங்கே ஆயில் சேம்பர் என்று பெயர். அதன் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒடுக்கு. அவர் அதைச் சுத்தமாகத் துடைத்தார். முகத்துக்குப் போடும் பவுடரைச் சுற்றிலும் அப்பினார். என்ஜினை ஓடவிட்டு ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்து பார்த்தார். பவுடர் போட்டது போட்டபடி இருந்தது.

"ஒடுக்குதான். பொட்டு ஈரமில்ல. ஒழுகாத சேம்பருக்கு என்ன குறை? வண்டி போகலாம்."

சின்னமணி சாவியை எடுத்துக்கொண்டான்.

தாவூது கேட்டார்: "பஞ்சவர்ணம் நாளைக்கு இதுலதான போகும்?"

"தெனமும் இதுலதான்."

"கழட்டுங்கண்ணே."

சடையாண்டிக்குச் சுருக்கென்றது. முன்பு தன்னோடு வண்டி ஓட்டிய சின்னமணி எதிரிலேயே தன் சொல் செல்லாமல் போய்விட்டதே என்று மனசுக்குள் பொருமினார். எண்ணெயை வடித்து, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சேம்பரை இறக்கிக் கீழே வைத்தார். வைத்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

தாவூது எதிர்ப்புறம் இருந்த பரோட்டா கடைக்குப் போனார். பிசைந்த மாவில் ஒரு உருண்டை வாங்கி வந்தார். அதில் எண்ணெய் தடவி, இரண்டு விரல் உயரத்துக்கு உருட்டி, சேம்பருக்குள் அந்த ஒடுக்கின் மேல் நிறுத்தினார்.

"இப்ப மாட்டுங்க."

"மாவோடயா?"

"மாவோடதான்."

சடையாண்டி மாட்டினார்.

"இப்ப கழட்டுங்க."

இந்த ஆளுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டே கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

மாவு அப்பளமாகத் தட்டையாகியிருந்தது. அதன்மேல் ஒரு வட்டமும், வட்டத்துக்குள் வலைக்கண்களும் துல்லியமாகப் பதிந்திருந்தன. நடுவில் மாவே இல்லை, தகரம் தெரிந்தது.

"என்ன மேஸ்திரி இது?"

"வாய். அடியில தொங்குற இந்தச் சல்லடை வழியாத்தான் என்ஜின் எண்ணெய் குடிக்குது. அந்தக் கல்லு தொட்டியைக் கிழிக்கல. தகரத்தை மேல தள்ளி வாயைப் பொத்திருச்சு."

"எண்ணெய் பத்தலன்னா எரியுற லைட்டு எரியலையே," என்றான் சின்னமணி.

"நீ இறக்கத்துல சும்மா உருட்டிக்கிட்டு வந்த. அதுக்குக் கொஞ்சம் எண்ணெய் போதும். ஆளை ஏத்திக்கிட்டு ஏத்தத்துல மிதிச்சா பத்தாது. வளைவுல என்ஜின் இறுகி நின்னுரும். நின்னா பிரேக் மிதியும் கல்லாட்டம் இறுகிரும், அமுங்காது."

சின்னமணி எடுத்த சாவியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தான்.

சடையாண்டி தானே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மாற்றுச் சேம்பர் வாங்கி வந்தார். ஒன்று புத்தம் புதிது, கறுப்புப் பெயிண்டில் முகம் பார்க்கலாம். இன்னொன்று பழைய இரும்புக் கடையில் கிடைத்தது, பார்க்கவே பாவமாக இருந்தது. வேண்டாதது திரும்பிப் போகும் என்று இரண்டு கடையிலும் பேசியிருந்தார்.

"எதைப் போடலாம்ணே?"

சடையாண்டி புதியதைத் தூக்கி என்ஜினுக்கு அடியில் பிடித்துப் பார்த்தார். எல்லாத் துளையும் நேராக உட்கார்ந்தது. "இதேதான்," என்று போல்ட்டை எடுத்தவர், என்ன நினைத்தாரோ, கையை நிறுத்தினார். மாவை மறுபடி உருட்டி வைத்தார். மாட்டினார். கழற்றினார்.

மாவு வைத்தபடியே நின்றது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

"வாயே எட்டல," என்றார் சடையாண்டி. அவர் குரல் இறங்கிவிட்டது. "இது ஆழம் கூடுன தொட்டி. எண்ணெய் கீழ கெடக்கும், என்ஜின் மேல காத்தைக் குடிக்கும்."



பழையதைச் சடையாண்டி மண்ணெண்ணெயில் கழுவினார். துருவைச் சுரண்டி, பின்னால் விளக்கைப் பிடித்து ஓட்டை உண்டா என்று பார்த்தார். விளிம்பைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து, வளைந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். மாவை வைத்து மாட்டிக் கழற்றினார்.

இந்தமுறை வட்டம் மெல்லப் பதிந்திருந்தது. அதற்கும் தகரத்துக்கும் நடுவே சுண்டுவிரல் கனத்துக்கு மாவு நின்றது. ஒரு மலையையே ஏறவைப்பது இந்தச் சுண்டுவிரல் இடைவெளிதானா என்று சடையாண்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாவைத் துளி மிச்சமில்லாமல் வழித்துத் துடைத்து, விளிம்பு ஒழுகாமலிருக்கப் புது பேக்கிங் வைத்து, அவரே சேம்பரைப் பூட்டினார். புது எண்ணெய் ஊற்றி என்ஜினை ஓடவிட்டார். சின்னமணி ஆள் கனத்துக்கு மூட்டைகளை ஏற்றி முதல் வளைவுவரை ஏறித் திரும்பினான். குறையொன்றும் இல்லை.

கையைத் துடைத்த சடையாண்டி குருவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேஸ்திரி, நானும் எத்தனையோ தடவை கல்லுல இடிச்சிருக்கேன். எறங்கிக் குனிஞ்சு பாப்பேன். ஒழுகலன்னா ஏறி ஓட்டிருவேன். பின்னால அத்தனை பொம்பளைங்க உக்காந்திருப்பாங்க. எப்படி மேஸ்திரி நாங்கல்லாம் வீடு வந்து சேந்தோம்?"

தாவூது மலையைப் பார்த்தார்.

"தெரியலண்ணே. அது தெரியாததாலதான் நான் கழட்டிப் பாக்குறேன்."